எழுதினால் கிளையன்ட் வருவாரா? ஓர் ஆடிட்டரின் பதில்கள்

9 ஜூன் 2025, ஈரோட்டிலிருந்து வந்த கேள்வி

சிஏ முடித்துத் தனியாக ஆபீஸ் போட்டிருக்கிறேன் சார். நமக்கு விளம்பரம் கூடாது. "கட்டுரை எழுது, ஒரு புத்தகம் போடு, வேலை தானா வரும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நிஜமாகவே வருகிறதா, இல்லை எழுதுகிறவர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதா? நீங்கள் திருப்பூரில் பல வருஷமாக எழுதுகிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

10 ஜூன் 2025

வரும் தம்பி. ஆனால் நீங்கள் யாரை நினைத்து எழுதுகிறீர்களோ அவர் வர மாட்டார்.

10 ஜூன், ராத்திரி

காலையில் ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் எழுத ஆரம்பித்தபோது முதலாளிகள் படிப்பார்கள் என்றுதான் எழுதினேன். எக்ஸ்போர்ட்டர், டையிங் ஓனர், நூல் வியாபாரி. ஒருத்தரும் படிக்கவில்லை. அது எப்படித் தெரியும் என்றால், அவர்களே வாய்விட்டுச் சொல்வார்கள்: "உங்க கட்டுரை பார்த்தனுங்க, போட்டோ நல்லா வந்திருக்குது."

2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்துக்குள் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தார்கள், ஞாபகம் இருக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருஷ வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் கழியும். தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று செக் வாங்கியே பழகிய ஊர் இது. 2024 ஜனவரி, பிப்ரவரியில் ஊரே கலங்கிப் போயிருந்தது.

அப்போது "பவர்டேபிள்காரருக்கு மார்ச் 31க்குள் பணம் கொடுக்காவிட்டால்?" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினேன். பவர்டேபிள் என்றால் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கிற யூனிட். சட்டப் பிரிவின் பெயர்கூடத் தலைப்பில் இல்லை. டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர்டேபிள் என்று நம் ஊர் ஜாப்வொர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கிற வேலை) வரிசையிலேயே எதற்குக் கெடு உண்டு என்று சொல்லிக்கொண்டு போனேன். ஒரு பனியன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. முதலாளி இல்லை, அக்கவுண்டன்ட்.

போனால் அவர் மேஜையில் என் கட்டுரை, பிரிண்ட் எடுத்து மஞ்சள் ஹைலைட்டர் போட்டு. பக்கத்தில் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் எடுத்த கிரெடிட்டர் லிஸ்ட், அதாவது கம்பெனி பணம் தர வேண்டியவர்கள் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலில் மை, ஸ், மீ, டி என்று குறித்திருந்தார். மைக்ரோ (குறு), ஸ்மால் (சிறு), மீடியம் (நடுத்தரம்), டிரேடர் (வாங்கி விற்கிறவர்). மீடியத்துக்கும் டிரேடருக்கும் இந்தக் கெடு இல்லை என்று எழுதியிருந்தேனே, அதை வைத்து அவரே பிரித்துவிட்டார். சில பெயர்களுக்கு எதிரே மட்டும் கேள்விக்குறி. நூலும் விற்பார், நிட்டிங்கும் போட்டுக் கொடுப்பார் என்கிற மாதிரி ஆட்கள். அந்தக் கேள்விக்குறிகளுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஃபீஸ் வந்தது அதற்குத்தான்.

எனக்கு அன்று புரிந்தது இது: நம் கட்டுரையைப் படிக்கிறவர் கம்பெனி அக்கவுண்டன்ட். பல்லடம், அவிநாசி பக்கம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற டாக்ஸ் பிராக்டிஷனர். முதலாளி செக்கில் கையெழுத்துப் போடுவார். "இன்னாரிடம் கேட்டுவிடலாம்ங்க" என்று அவரிடம் சொல்கிறவர் இவர்தான்.

14 ஜூன் 2025

"கட்டுரையே விளம்பரம்தானே, அது மட்டும் எப்படி அனுமதி?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

பட்டயக் கணக்காளர் சட்டம் 1949, முதல் அட்டவணை, பகுதி 1. ஆறாவது கூறு வேலை கேட்டு அலைவதைத் தடுக்கிறது. ஏழாவது கூறு நம் தகுதியையும் சேவையையும் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. எழுதுவதை இரண்டும் தடுக்கவில்லை. கட்டுரையிலோ புத்தகத்திலோ பெயருக்குப் பக்கத்தில் பட்டயக் கணக்காளர் என்று போடலாம். "இத்தனை கோடி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தவர்", "டிரிப்யூனலில் வென்றவர்" மாதிரி சாதனை அளப்பது கூடாது. வெப்சைட்டிலும் இதே கதைதான். தேடி வருகிறவர் பார்க்கலாம். நாம் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது.

கட்டுரையின் அடியில் "மேலும் ஆலோசனைக்கு அணுகவும்" என்று போன் நம்பர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விதியை விடுங்கள், எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. தேவைப்படுகிறவர் எப்படியும் நம்பரைக் கண்டுபிடித்துவிடுவார்.

15 ஜூன் 2025

வக்கீல்களுக்கு இன்னும் கெடுபிடி. பார் கவுன்சில் விதி 36ன்படி சுற்றறிக்கை, விளம்பரம், புரோக்கர் எதுவும் ஆகாது. தான் நடத்துகிற வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வர வைப்பதும், அதோடு தன் போட்டோ போட வைப்பதும் ஆகாது. 2008ல்தான் வெப்சைட்டில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, எந்தத் துறை என்ற விவரம் போட அனுமதித்தார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை பிடிக்கிற வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டது.

டாக்டர்களுக்கு 2002 நடத்தை விதிகள் உண்டு. பொது சுகாதாரம், சுத்தம், நல்ல பழக்கம் பற்றிச் சொந்தப் பெயரில் பத்திரிகைக்கு எழுதலாம். நோய், சிகிச்சை பற்றி எழுதித் தனக்கு விளம்பரம் தேடுவது கூடாது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்காதீர்கள், டாக்டர்களே ஆளுக்கொரு இடத்தில் போடுகிறார்கள்.

22 ஜூன் 2025

"எல்லாவற்றையும் எழுதிவிட்டால் நம்மிடம் எதற்கு வருவார்கள்?" இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் பாதி சொல்லி, "உங்கள் ஆடிட்டரைக் கலந்தாலோசிக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள். படிக்கிறவனுக்கு எரிச்சல்தான் மிச்சம். அந்த அக்கவுண்டன்ட்டின் கேள்விக்குறிகளை நினைத்துப் பாருங்கள். நான் பாதி எழுதியிருந்தால் அவர் லிஸ்டைப் பிரிக்கவே ஆரம்பித்திருக்க மாட்டார். பிரித்தால்தான் சிக்கல் எங்கே என்று தெரியும்.

இன்னொன்று, "ஜிஎஸ்டி ஒரு பார்வை" மாதிரி தலைப்பு வைக்காதீர்கள். பார்வை பார்க்க யாருக்கும் நேரமில்லை.

3 ஜூலை 2025

ஜூன் 10 அன்று சொன்னதில் ஒன்று விட்டுப் போயிற்று. அக்கவுண்டன்ட்டை நம்பி எழுதினால் அவர் வேலை மாறிப் போய்விடுவாரே என்று கோயம்புத்தூர் ஆடிட்டர் ஒருவர் எழுதியிருக்கிறார். போகட்டும் சார். நம் ஊரில் அக்கவுண்டன்ட்கள் கம்பெனி மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். போகிற இடத்துக்கு நம் பெயரையும் எடுத்துக்கொண்டு போவார்கள். பழைய கம்பெனியும் நம்மிடமே இருக்கும், சுமுகமாகப் பிரிந்திருந்தால். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் "அவன் கூட்டிட்டு வந்த ஆடிட்டர்தானே" என்று நம்மையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அதுவும் நடந்திருக்கிறது.

அப்புறம், கட்டுரைக்கு மேலே தேதி போடுங்கள். கொட்டை எழுத்தில். என் 2024 கட்டுரை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் சிறு நிறுவனம் என்றால் ஆண்டு விற்றுமுதல் 50 கோடி வரை என்று இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் அது 100 கோடி. குறு நிறுவனத்துக்கு 5 கோடியாக இருந்தது 10 கோடி. அதாவது நேற்று வரை மீடியமாக இருந்த சப்ளையர் இன்று ஸ்மால், அவருக்கும் கெடு உண்டு. தேதி இல்லாத பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு யாராவது கணக்கை முடித்தால் திட்டு நமக்குத்தான் விழும்.

20 ஜூலை 2025

இப்போது புத்தகம். இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

போன வருஷம் எனக்கு ஒரு போன் வந்தது. "சார், நீங்க பேசினா போதும், நாங்களே எழுதி, அட்டை போட்டு, ஆன்லைனில் பெஸ்ட்செல்லர் ஆக்கித் தர்றோம்." எப்படி ஆக்குவீர்கள் என்று கேட்டேன். போட்டியே இல்லாத ஒரு சின்னப் பிரிவில் புத்தகத்தைப் போட்டு, முதல் நாள் நம் ஆட்களையே வாங்கச் சொன்னால் சில மணி நேரம் முதலிடத்தில் நிற்குமாம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கேட்ட தொகைக்கு ஒரு அசிஸ்டென்டை வருஷம் முழுக்க வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நேர்வழியில் போட்டால் கணக்கு எப்படி? டெம்மி அளவில் 160 பக்கம், அச்சுக் கணக்கில் பாரத்துக்கு 16 பக்கம் என்று பத்து பாரம். விலை 200 ரூபாய் என்று வையுங்கள். பதிப்பகம் பத்து சதவீதம் ராயல்டி கொடுத்தால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதியும் விற்றால் பத்தாயிரம். ஒரு நடுத்தர டாக்ஸ் ஆடிட் ஃபீஸ்கூடத் தேறாது. நாமே போட்டால் கடைக்காரர் கழிவு, பார்சல் செலவு, வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டி. ஐஎஸ்பிஎன் எண்ணை அரசு இலவசமாகத்தான் கொடுக்கிறது. அதற்குத் தனியாகப் பணம் கேட்கிற ஆளைக் கண்டால் மற்ற கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஆக, விற்பனையை நம்பிப் புத்தகம் போடாதீர்கள். பிறகு எதற்கு? கல்லூரியில் பேசக் கூப்பிடுவார்கள். சங்கக் கூட்டத்தில் மேடை கிடைக்கும். பேங்க் மேனேஜர் மேஜையில் ஒரு பிரதி கிடக்கும். விசிட்டிங் கார்டைக் குப்பையில் போடுகிறவர்கள்கூடப் புத்தகத்தைப் போட மாட்டார்கள். நம் ஊரில் புத்தகத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

21 ஜூலை 2025

வரிக் கொசுறு ஒன்று. எழுத்தாளர் ராயல்டிக்கு 80கியூகியூபி பிரிவில் 3 லட்சம் வரை கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருந்தால்தான். ஆனால் இலக்கியம், கலை, அறிவியல் நூல்களுக்கு மட்டும். உரை நூல், கையேடு, மாணவர் பாடநூல் எல்லாம் சேராது. வரி பற்றிக் கையேடு எழுதுகிற ஆடிட்டருக்கு வரிக்கழிவு கிடையாது என்று எழுதிய மகராசன் யாரோ.

28 ஜூலை 2025

"புத்தகம் எழுதிப் பெரிய ஆள் ஆனவர் யாராவது உண்டா சார், இல்லை எல்லாமே பரணில் அட்டைப் பெட்டியா?"

உண்டு. நம் துறையிலேயே பெரிய உதாரணம் வரி வக்கீல் நானி பல்கிவாலா. 1950ல் ஜம்ஷெட்ஜி காங்காவோடு சேர்ந்து வருமான வரிச் சட்ட நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 30. காங்கா பம்பாய் பாரில் பெரிய தலை, இவர் அவர் சேம்பரில் ஜூனியர். சீனியர் பெயர் முன்னால், ஜூனியர் பெயர் பின்னால். காங்கா–பல்கிவாலா என்றால் இன்றைக்கும் வரி வக்கீல் அலமாரியில் கைவைத்து எடுத்துக் கொடுப்பார். பிந்தைய பதிப்பைத் திருத்தியவர் நம் சென்னை சீனியர் வக்கீல் அரவிந்த் தாத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, அது பொதுமக்களுக்கு எழுதிய நூல் கிடையாது. மற்ற வக்கீல்களும் ஆடிட்டர்களும் புரட்டுவதற்கு எழுதியது. அவர்களிடமிருந்துதான் அவருக்கு பிரீஃப், அதாவது வழக்கு, வந்தது. பொதுமக்களுக்கு அவர் பேசினார். 1958ல் பம்பாயில் கிரீன் ஹோட்டலில் ஒரு சின்ன ஹாலில் தொடங்கிய பட்ஜெட் உரை, பின்னால் பிரபோர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கே போனது. பட்ஜெட் கேட்க மைதானம் நிறைந்த கூட்டம்! நம் ஊரில் சங்கத்தில் பட்ஜெட் கூட்டம் போட்டால் முன்வரிசையை நிரப்பவே போன் போட வேண்டியிருக்கிறது. போண்டா, காபி வேறு.

2 ஆகஸ்ட் 2025

சாயக் கெமிக்கல் விற்கிற நண்பர் கேட்கிறார்: "நாங்க வியாபாரிங்க, எங்களுக்கு எந்த விதியும் தடுக்கல. நோட்டீஸே அடிக்கலாம். எதுக்கு எழுதணும்?"

அண்ணா, மிஷெலின் கதை தெரியுமா? டயர் கம்பெனி. 1900ல் பிரான்சில் காரே சில ஆயிரம்தான் இருந்தது. கார் ஓடினால்தானே டயர் தேயும். அதனால் எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே மெக்கானிக், டயரை எப்படி மாற்றுவது, எங்கே தங்கலாம் என்று ஒரு கையேடு போட்டு 35,000 பிரதி இலவசமாகக் கொடுத்தார்கள். 1920ல்தான் விலை வைத்தார்கள். சாப்பாட்டு ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற அதே கையேடுதான். "எங்கள் டயர் உசத்தி" என்பதைச் சொல்வதற்காகப் போட்டது இல்லை அது.

நீங்கள் எழுதினால், ஒரே ஷேடு இந்த டையிங்கில் ஒரு மாதிரியும் அடுத்த டையிங்கில் வேறு மாதிரியும் ஏன் வருகிறது என்று எழுதுங்கள். தண்ணீரின் கடினத்தன்மை என்ன செய்யும், சோப்பிங் (சாயம் போட்டபின் சோப்பில் அலசுவது) குறைந்தால் ஏன் சாயம் விடும் என்று. டையிங் மாஸ்டர் படிப்பார். கெமிக்கல் எதை வாங்குவது என்று ஓனரிடம் சொல்கிறவர் அவர்தானே.

9 ஆகஸ்ட் 2025

நான் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை இதுவரை சொல்லவில்லை. ஜாப்வொர்க் தொழில்களுக்கு வருமான வரியும் ஜிஎஸ்டியும். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. நேற்று புதிய வருமான வரி மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். திருத்தி மறுபடி கொண்டுவருவார்களாம். பொறுத்துப் பார்ப்போம்.

22 ஆகஸ்ட் 2025

11ஆம் தேதி மக்களவை, 12ஆம் தேதி மாநிலங்களவை, நேற்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். வருமான வரிச் சட்டம் 2025. அடுத்த ஏப்ரல் 1 முதல் அமல். 1961 சட்டத்தின் பிரிவு எண்கள் எல்லாம் போயிற்று. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பமும் போய் வரி ஆண்டு என்று ஒன்றாகிவிட்டது. அது நல்லதுதான். என் பாதிப் புத்தகத்துக்குத்தான் நல்லதல்ல.

29 ஆகஸ்ட் 2025

அமெரிக்கா 27ஆம் தேதியிலிருந்து 50 சதவீத வரி போட்டுவிட்டது. ஊரில் வேறு பேச்சே இல்லை. "டாரிஃப் பற்றி எழுதுங்க சார்" என்கிறார்கள். டிரம்ப் என்ன செய்வார் என்று எனக்கு என்ன தெரியும்? டிவியில் பேச ஆள் இருக்கிறார்கள். ஆர்டர் ரத்தாகித் துணி குடோனில் நின்றால் மார்ச் கணக்கில் அந்த ஸ்டாக்கை எந்த விலையில் காட்டுவது, அடக்க விலையா, விற்றால் கிடைக்கிற விலையா, இரண்டில் குறைந்தது எதுவோ அது என்று எப்படி ஆதாரத்தோடு எழுதி வைப்பது, இதை நான் எழுதலாம். எழுதப் போகிறேன்.

4 செப்டம்பர் 2025

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில். 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டார்கள். 22ஆம் தேதி முதல் உருப்படி 2,500 ரூபாய் வரை ஆடைக்கு 5 சதவீதம், மேலே போனால் 18. இதுவரை ஆயிரம் ரூபாய் வரை 5, மேலே 12 என்று இருந்தது. அதை விளக்க நான் போட்ட அட்டவணை இரண்டு பக்கத்துக்கு இருந்தது.

வருமான வரிப் பகுதி ஆகஸ்டில் போயிற்று, ஜிஎஸ்டி பகுதி செப்டம்பரில். முன்னுரை மட்டும் பத்திரமாக இருக்கிறது. என் மனைவி, "முன்னுரையையே புத்தகமாப் போட்டுடுங்க" என்கிறாள்.

1 அக்டோபர் 2025

டாக்ஸ் ஆடிட் சீசன். கெடுவை அக்டோபர் 31 வரை தள்ளியிருக்கிறார்கள். கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.

16 நவம்பர் 2025

வந்துவிட்டேன். புத்தகத்தைக் கைவிட்டேன். ஜூலை 20 அன்று புத்தகத்துக்கு ஆதரவாகச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. வேகமாக மாறுகிற சட்டத்துக்கு அச்சுப் புத்தகம் சரிப்படாது என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதுவது, குடும்பத் தொழிலைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது மாதிரி விஷயங்கள் வருஷா வருஷம் மாறுவதில்லை. புத்தகம் என்றால் இனி அதுதான். ஜாப்வொர்க் விஷயத்தை 32 பக்கச் சிறு வெளியீடாக, ரெண்டே பாரத்தில், புதுச் சட்டத்தின் பிரிவு எண்களோடு ஏப்ரலில் போடலாம் என்று இருக்கிறேன். மாறினால் கிழித்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

23 நவம்பர் 2025

ஈரோட்டுத் தம்பி தன் முதல் கட்டுரையை அனுப்பியிருக்கிறார். அனுமதி வாங்கிக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பத்தி: "இன்றைய நவீன வணிக உலகில் வரி இணக்கம் என்பது மிக முக்கியமான ஒன்றாகத் திகழ்கிறது." ஏஐ எழுதினதா தம்பி? நீங்களே எழுதியிருந்தாலும் அடித்துவிடுங்கள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி வருகிறது: "மஞ்சள் மண்டியில் கமிஷன் ஏஜென்ட் விவசாயிக்கு ரொக்கமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று என் கிளையன்ட் கேட்டார்." கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது எல்லாம் போகட்டும். விவசாயியிடம் விளைபொருள் வாங்கினால் ரொக்கம் கொடுக்க விலக்கு உண்டு, அதையே வியாபாரியிடம் வாங்கினால் ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் கூடாது. கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. இந்த வித்தியாசத்தை மண்டி பில்லை வைத்தே காட்டுங்கள். ஈரோட்டில் இதைக் கேட்காத மண்டிக் கணக்கர் இருக்க முடியாது.

"கிளையன்ட்" என்ற இடத்தில் ஆள் யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றுங்கள். மண்டி சின்ன இடம், தெருப் பெயரைச் சொன்னாலே தெரிந்துவிடும்.

கடைசிப் பத்தியில் இருக்கிற போன் நம்பரை எடுத்துவிட்டு, மேலே தேதி போடுங்கள். புது மஞ்சள் வரத்து ஆரம்பிப்பதற்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது. வரத்து சூடு பிடித்தபிறகு கணக்கர் எதையும் படிக்க மாட்டார்.